நீர்மோர்ப் பந்தல்

பங்குனி வெயில் ஏறியதும் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரிமா, ரோட்டரி போன்ற சேவைச் சங்கங்கள் சாலையோரம் நீர்மோர்ப் பந்தல் போடுகின்றன. ரசீதுப் புத்தகத்தோடு கடைவீதியைச் சுற்றினால் செலவு தேறிவிடும்; சிலர் தயிராகவே தருவதும் உண்டு. பந்தலின் பெயரைக் காப்பது மோரின் பக்குவம். புளிக்காத தயிரைக் கடைந்து, தாராளமாக நீர் விளாவி, தட்டிய இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, பெருங்காயம், உப்பு சேர்க்க வேண்டும். மிளகாய் தூக்கலானால் குழந்தைகள் தொடமாட்டார்கள். மண்பானையைச் சுற்றிய ஈரத்துணியில் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்வதால் மோர் தானே குளிரும். ஐஸ் போட்டால் உருகி நீர்த்து ருசி கெடும். பந்தல் திறப்புவிழா ஃபிளெக்ஸில் பெயர்கள்தான் சற்று அதிகம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தில் ஆண்டாள் தேரின் வடம் பிடித்துக் களைத்தவர்களுக்கும் இந்த மோரே ஏற்றது.