டிசைன் இருக்கிறது, நார் எங்கே?

பிலிப்பைன்ஸின் 1,000 பீசோ நோட்டு கிடைத்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தாவாவோவுக்கு டாக்டருக்குப் படிக்கப் போன பிள்ளை உங்கள் ஏரியாவில் ஒன்றாவது இருக்கும். லீவில் வரும்போது கேளுங்கள், காட்டுவார்கள். பவளப்பாறைக் கடல், ஒரு முத்து, கூடவே நெசவு மாதிரி ஒரு டிசைன் தெரியும். ஏதோ அலங்கார பார்டர் என்று நினைக்கத் தோன்றும். அதன் பெயர் டினாலக். மிண்டனாவோ தீவின் தெற்கே, செபு ஏரிப் பக்கம் வாழும் டிபோலி பழங்குடிப் பெண்கள் நெய்கிற துணி. (செபு என்றதும் அந்தப் பெரிய நகரத்தை நினைத்துவிடாதீர்கள். அது வேறு தீவு, இது வேறு ஊர்.)

2010 கடைசியில் புது வரிசை நோட்டுகள் வந்தபோது, ஒவ்வொன்றிலும் ஒரு வட்டாரத்தின் நெசவையோ எம்பிராய்டரியையோ போட்டார்கள். நல்ல யோசனை. ஆயிரத்துக்கு டினாலக். அந்த நோட்டு அச்சான தாளில் 80 சதவீதம் பருத்தி, 20 சதவீதம் அபாகா என்கிற நார். டினாலக்கும் அதே அபாகாவில்தான் நெய்யப்படுகிறது. துணியின் படமும் துணியின் நாரும் ஒரே காகிதத்தில் இருந்தன என்று அர்த்தம். சில விஷயங்கள் எப்படியோ அழகாக அமைந்துவிடும்.

2022-ல் ஆயிரம் பீசோ பிளாஸ்டிக் நோட்டாக மாறியது. நார் போச்சு. டிசைன் மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

மாற்றம் வந்த சமயத்தில் அந்த நாட்டில் பெரிய சண்டையே நடந்தது. முன்பக்கத்தில் இருந்த மூன்று இரண்டாம் உலகப் போர்த் தியாகிகளை எடுத்துவிட்டுக் கழுகை வைத்துவிட்டார்களே என்று. நியாயமான கோபம். எனக்கென்னவோ கண் பின்பக்கத்திலேயே நிற்கிறது. நாட்டுப்புறக் கலையை ஓர் அரசாங்கம் எப்படிக் கொண்டாடும், எந்த இடத்தில் கைவிடும் என்பதற்கு இந்த ஒரு நோட்டு போதும்.

அபாகா வேறொன்றுமில்லை, வாழைக்கு ஒன்றுவிட்ட தம்பி. பார்க்க வாழை மாதிரியே இருக்கும், பழம் சாப்பிட லாயக்கில்லை. தண்டு பூராவும் நார். நாம் வாழைநாரில் பூ கட்டினோம், அவர்கள் கப்பலையே கட்டினார்கள். உலகம் முழுக்கத் துறைமுகங்களில் பேர்போன மணிலா கயிறு இதுதான். உப்புத் தண்ணீரில் சீக்கிரம் மட்காது. பழைய கயிற்றுக் கழிவில் செய்த தாள்தான் நம் ஆடிட்டர் ஆபீஸ்களில் அடுக்கியிருக்கும் மணிலா கவருக்குப் பெயர் கொடுத்தது. இன்றைக்கும் உலகத்துக்கு வேண்டிய அபாகாவில் 80 சதவீதத்துக்கு மேல் பிலிப்பைன்ஸ்தான் தருகிறது. நீங்கள் காலையில் முக்கி எடுக்கிற டீ பேக்கில் அது இருக்கலாம். ஜப்பானின் யென் நோட்டுத் தாளில் நிச்சயம் இருக்கிறது. ஜப்பான்காரன் பர்ஸில் பிலிப்பைன்ஸ் நார், பிலிப்பைன்ஸ்காரன் பர்ஸில் பிளாஸ்டிக்!

சரி, துணிக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்றுதான் ஆகவேண்டும்.

தண்டை வெட்டி, பட்டை பட்டையாக உரித்து, கத்தியை அழுத்தி இழுத்தால் சதை போய் நார் நிற்கும். அதைக் காயவைத்து, தலைமுடி கனத்துக்குப் பிரித்து, ஒவ்வொன்றையும் அடுத்ததோடு முடிச்சுப் போட்டு நீளமாக்க வேண்டும். ராட்டை கிடையாது, நூற்பு கிடையாது. விரலும் கண்ணும்தான். பிறகு அந்த இழைகளை ஒரு சட்டத்தில் பாவு மாதிரி விரித்து, டிசைன் எங்கே வரவேண்டுமோ அங்கெல்லாம் நூலால் இறுக்கிக் கட்டுகிறார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது.

நம் மதுரைச் சுங்குடியிலும் கட்டுதான். ஆனால் சுங்குடியில் நெய்து முடித்த துணியைக் கட்டுகிறோம். இங்கே துணி பிறப்பதற்கு முன்பே நாரைக் கட்டுகிறார்கள். நம் ஜவுளிக்கடைகளில் இக்கத் என்று சொல்கிறார்களே, அந்த ஜாதி. எதிரில் வரைபடம் கிடையாது. எத்தனை இழை தள்ளி எத்தனை முடிச்சு என்பது மொத்தமும் அந்தப் பெண்ணின் மனசில் இருக்கிறது. ஓர் இடத்தில் கணக்குத் தப்பினால் தறியில் ஏறின பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பிரயோஜனம்?

மூன்றே நிறங்கள். க்னாலும் என்ற மரத்தின் இலையை நாட்கணக்கில் கொதிக்கவைத்துக் கறுப்பு. லோகோ என்ற செடியின் வேரில் சிவப்பு. நாரின் சொந்த நிறம் வெள்ளை. சாயம் முடிந்து அலசிக் காய்ந்த பிறகுதான் தறி. அதுவும் இடுப்பில் பட்டை மாட்டி, உடம்பாலேயே இழுத்துப் பிடித்து நெய்கிற தறி. உச்சி வெயிலில் நெய்ய மாட்டார்கள். சூட்டில் நார் பட்டென்று அறும். விடிகாலை, சாயங்காலம் என்று குளிர்ந்த நேரம் பார்த்துத்தான் வேலை. முடிந்த துணியைச் சோழியால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுகிறார்கள். ஒரு துண்டு முடிய மாதக்கணக்கில் ஆகும்.

இப்படி வந்த துணியில் கோடுகளின் ஓரம் கொஞ்சம் கலங்கியிருக்கும். சாயம் முடிச்சுக்குள் லேசாகக் கசிந்ததன் அடையாளம் அது. என்னைக் கேட்டால் டினாலக்கின் அழகு முக்கால்வாசி அந்தக் கலங்கலில்தான் இருக்கிறது. வடிவம் கணக்குப் போட்ட மாதிரி கறாராக இருக்கும், ஓரம் மட்டும் தண்ணீரில் தெரிகிற நிழல் மாதிரி நடுங்கும். பிரிண்டில் அந்தக் கலங்கலையும் சேர்த்து அச்சடிக்கலாம்தான். அது சாயம் கசிந்த இடமாக இருக்காது, கசிந்த மாதிரி வரைந்த கோடாக இருக்கும்.

டிசைன் எங்கிருந்து வருகிறது? கனவில் என்கிறார்கள் டிபோலி பெண்கள். அபாகாவுக்கு ஃபூ டாலு என்று ஒரு காவல் ஆவி உண்டு, அது கனவில் வந்து காட்டும். அதனால் துணிக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. தறியில் இருப்பதைத் தாண்டக்கூடாது. நெய்கிற காலத்தில் பெண் கணவனிடமிருந்து விலகி இருக்க வேண்டும். துணியை இஷ்டத்துக்கு வெட்டினால் நோய் வரும். விற்கத்தான் வேண்டும் என்றால் ஒரு பித்தளை வளையத்தைக் கட்டி, ஆவியைச் சமாதானம் செய்துவிட்டுக் கொடுப்பார்கள்.

‘ட்ரீம் வீவர்ஸ்’, கனவு நெசவாளிகள் என்று ஊர் உலகமெல்லாம் இவர்களைக் கூப்பிடுவது இதனால்தான். அழகான பெயர். எனக்கு இதில்தான் ஒரு சங்கடம். தூங்கி எழுந்தால் டிசைன் ரெடி என்று கேட்பவனை நினைக்க வைத்துவிடுகிறது. முடிச்சு போட்ட மாதங்கள் அந்தப் பெயரில் காணாமல் போகின்றன. லாங் டுலாய் என்ற மூதாட்டியைப் பாருங்கள். 1928-ல் பிறந்தவர். 12 வயதில் அம்மாவிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். அவர் கையில் நூறு டிசைனுக்கு மேல் இருந்தன: மேகம், வண்ணத்துப்பூச்சி, முதலை, பூ. கனவில் வந்ததும் உண்டு, தலைமுறையாகக் கைமாறி வந்ததும் உண்டு. கனவு யாருக்கும் வரலாம் சார். அதை முடிச்சுக் கணக்காக மாற்றத் தெரிய 12 வயதிலிருந்து உட்கார வேண்டும்.

1992-ல் ஒரு சட்டம் போட்டு, பழங்கலைகளில் தேர்ந்தவர்களை ‘மக்களின் படைப்பாளி’ என்று அறிவிக்கும் விருதை பிலிப்பைன்ஸ் உருவாக்கியது. பதக்கத்தோடு நிற்கவில்லை. கையில் ஒரு லட்சம் பீசோ, மாதம் 10,000 பீசோ ஆயுளுக்கும் என்று தொடங்கினார்கள். பதிலுக்குக் கலைஞர் இளையவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். பொன்னாடை போர்த்தி போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிற விருதுகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது பெரிய விஷயம். லாங் டுலாய்க்கு 1998-ல் கிடைத்தது. நிறைய பேருக்குக் கற்றுக்கொடுத்தார். கடைச் சரக்கின் வேகத்துக்கு இறங்காமல், நேரம் அதிகமானாலும் செலவு அதிகமானாலும் பழைய டிசைன்களிலேயே நின்றார். 2015-ல் காலமானார்.

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் காஸ்ட் ஷீட் போடுகிற வியாதி உண்டு. டினாலக்குக்குப் போட்டுப் பார்த்தேன். மூலப்பொருள்: காட்டுவாழை நார், அதிகமில்லை. கூலி: மாதக்கணக்கு. இதர செலவு: இலை, வேர், விறகு, ஒரு சோழி. கனவை எந்தத் தலைப்பில் எழுதுவது? அக்கவுண்டன்சியில் ‘குட்வில்’ என்று ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத சொத்து. கம்பெனி கைமாறும்போது மட்டும் அதற்கு விலை வரும். டினாலக்கின் டிசைன் அந்த மாதிரி சொத்துதான். ஆனால் அது ஆயிரம் வழியில் கைமாறிக்கொண்டே இருக்கிறது, பிரிண்ட் துணியாக, பேக்காக, போஸ்டராக. பேலன்ஸ் ஷீட்டில் மட்டும் ஏறுவதில்லை. பழங்குடிகளின் அறிவுச் சொத்து அவர்களுடையதுதான் என்று 1997-ல் பிலிப்பைன்ஸ் ஒரு சட்டமே இயற்றியிருக்கிறது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. பிரிண்ட் அடிப்பது மெஷினுக்குச் சில நிமிட வேலை.

“விற்க ஆரம்பித்ததும் புனிதம் போச்சு, டூரிஸ்ட் வந்து கெடுத்துட்டான்” என்று புலம்புகிற கூட்டம் ஒன்று உண்டு. அதில் நான் சேரமாட்டேன். டினாலக் என்றைக்குமே சரக்குதான். கல்யாணத்தில் பரிசம் பேசும்போது அது கைமாறியது, குதிரைக்கும் மாட்டுக்கும் பண்டமாற்றாகப் போனது. பிரசவத்தில் தாய்க்குப் போர்த்தினதும் அதே துணிதான். புனிதமும் விலையும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல்தான் குடித்தனம் பண்ணின. அந்தப் பித்தளை வளையத்தையே பாருங்கள். விற்பனை நடக்கும் என்று தெரிந்து, அதற்கும் ஒரு மரியாதை வைத்திருக்கிறார்கள். அசல் துணியை வெட்டி ஹேண்ட்பேக் தைத்து விற்றால் என்னைப் பொறுத்தவரை தப்பில்லை, நெய்தவளுக்குக் கூலி போய்ச் சேர்ந்திருந்தால். பாலியஸ்டரில் டினாலக் பிரிண்ட் அடித்த பேக் கதை வேறு. அதில் அவளுக்கு ஒரு முடிச்சுக்கான காசு கூடப் போகாது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் பிரச்னையே.

வடக்கே லூசோன் தீவின் மலையில் இதற்கு இன்னொரு கோலம் நடக்கிறது. கலிங்கா பகுதியின் புஸ்கலான் கிராமத்தில் வாங்-ஓட் பாட்டி, முள்ளாலும் கரியாலும் தட்டித் தட்டிப் பச்சை குத்துகிறவர். 2023 ஏப்ரலில் ‘வோக்’ பத்திரிகையின் பிலிப்பைன்ஸ் பதிப்பு, 106 வயதில் அவரை அட்டையில் போட்டது. ஒரு காலத்தில் அந்த மலையில் பச்சை என்பது வீரன் சம்பாதிக்க வேண்டிய பதக்கம், பெண்களுக்கு அலங்காரம். வயதான பிறகு, தேடி வருகிறவர்களுக்குப் பாட்டி குத்துவது பெரும்பாலும் மூன்று புள்ளிகள். அது அவரது கையெழுத்து. மீதி வேலையைப் பேத்திமார் பார்க்கிறார்கள். மூன்று புள்ளிக்காக மலை ஏறுகிறார்களே என்று சிரிக்கத் தோன்றும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை அவருடையது, தோல் வந்தவருடையது, காசு அந்தக் கிராமத்துக்கு. டிசைன் கையை விட்டுத் தனியாகப் போகவில்லை.

நோட்டுக்குத் திரும்புகிறேன். சென்ட்ரல் பேங்க் சொன்ன காரணங்கள் பொய்யில்லை. பிளாஸ்டிக் நோட்டு அதிக நாள் உழைக்கும், அழுக்கு ஒட்டாது, கள்ளநோட்டு அடிப்பது கஷ்டம். மீன் மார்க்கெட்டில் ஈரக் கையில் புழங்குகிற நோட்டுக்கு இதெல்லாம் முக்கியம். அபாகா விவசாயிகள் எதிர்த்தார்கள், ஆனாலும் மாறியது. 2024 டிசம்பரில் 500, 100, 50 பீசோவும் பிளாஸ்டிக்கில் வந்தன. கணக்குப் படித்தவன் என்ற முறையில் அந்த முடிவை நான் முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன்.

என் சண்டை டிசைனோடுதான். நாரை எடுத்தீர்கள் சரி, டிசைனையும் சேர்த்து எடுத்திருக்கலாமே? நார் செலவு, டிசைன் இலவசம். செலவு வைக்கிறதை விலக்கிவிட்டு இலவசமாகக் கிடைக்கிறதை வைத்துக்கொள்வது எந்த பிசினஸிலும் புத்திசாலித்தனம்தான். அதைப் பாரம்பரியத்துக்குச் செய்த மரியாதை என்று சொல்லும்போதுதான் உறுத்துகிறது. டினாலக்கைப் பொறுத்தவரை டிசைன் என்று தனியாக ஒன்று கிடையாது. முடிச்சின் இறுக்கம், சாயத்தின் கசிவு, வெயிலுக்குப் பயந்த நார், இதெல்லாம் சேர்ந்து கடைசியில் விழுகிற தழும்புதான் நாம் டிசைன் என்று பார்ப்பது.

செபு ஏரிப் பக்கம் வேலை நிற்கவில்லை. 2023-ல் அறிவித்த மக்களின் படைப்பாளி பட்டியலில் டிபோலி மக்கள் மட்டும் மூன்று பேர். டினாலக் நெய்கிற பார்பரா ஓஃபோங், பழங்கதைகளைப் பாட்டாகப் பாடுகிற ரோஸி சூலா, பித்தளை வார்ப்புக் கலைஞர் புண்டோஸ் ஃபாரா. துணி நெய்ய ஆள் இருக்கிறது. அதை விற்கும்போது கட்டுகிற வளையத்தை வார்க்கவும் ஆள் இருக்கிறது.