சரடு நீக்கி எடுத்த எடை

எக்ஸிம் என்ற மெயில் சர்வரின் டெஸ்ட் சூட்டுக்குள் எல்லா மெயிலும் ஒரே நொடியில்தான் வந்து சேர்கிறது: 1999 மார்ச் 2, காலை 9 மணி 44 நிமிடம் 33 நொடி. இருபது வருஷத்துக்கு முந்தைய டெஸ்ட்டானாலும் போன மாதம் சேர்த்ததானாலும், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் லாகில் அந்தச் செவ்வாய்க்கிழமைதான் நிற்கும். சர்வர் எழுதும் லாகில் உண்மையான நேரம் இருக்கும். ஒப்பிடுவதற்கு முன் அதை எடுத்துவிட்டு இந்த நேரத்தைப் பதிக்கிறார்கள். மெயிலின் அடையாள எண், புராசஸ் எண், கம்ப்யூட்டரின் பெயர், ஓட்டுகிறவரின் பெயர் என்று இடத்துக்கு இடம் மாறும் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். மாறக்கூடாதது மட்டும் மிஞ்சுகிறது. அதைப் பழைய விடைக் கோப்போடு வரிக்கு வரி ஒப்பிடுகிறார்கள்.

தஞ்சாவூர்க்காரனுக்கு இது பழக்கமான நேர்த்தி. பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ராஜராஜன் வெட்டுவித்த நகைப் பட்டியலைப் படித்தவர்களுக்குத் தெரியும். பொன்னை ஆடவல்லான் என்ற கல்லாலும், நகைகளைத் தட்சிணமேரு விடங்கன் என்ற கல்லாலும் நிறுத்ததாக அது சொல்லும். அதோடு நிற்காமல், கோத்த சரடு, சட்டம், செப்பாணி ஆகியவற்றை நீக்கி எடுத்த எடை என்றும் குறித்து வைக்கும். எந்தக் கல், எதைக் கழித்தோம் என்ற இரண்டையும் எழுதி வைத்ததால், பின்னால் யார் வந்து நிறுத்தாலும் கணக்கைச் சரிபார்க்க முடியும். நல்ல டெஸ்ட்டின் இலக்கணமும் இதுதான் என்பது என் துணிபு.

எக்ஸிமை ஃபிலிப் ஹேசல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1995ல் எழுதத் தொடங்கினார். மெயில் சர்வரைச் சோதிப்பது ஏன் சிரமம் என்றால், அது தனியாக எதையும் செய்வதில்லை. டொமைன் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸைக் கேட்கும், எதிர் சர்வரோடு பேசும், பதில் வராவிட்டால் காத்திருக்கும். எக்ஸிமோடு வரும் கான்ஃபிகில், போய்ச் சேராத மெயிலை முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறையும், பிறகு இடைவெளியை நீட்டிக்கொண்டே பதினாறு மணி நேரம் வரையும், அதன் பின் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையுமாக நான்கு நாள் முயல வேண்டும் என்று இருக்கிறது. டெஸ்ட் நான்கு நாள் காத்திருக்க முடியுமா? அதனால் டெஸ்ட் நடக்கும்போது மட்டும், மெயில் எவ்வளவு நேரமாக வரிசையில் கிடக்கிறது என்பதைப் பொய்யாகச் சொல்ல எக்ஸிமுக்குள்ளேயே இடம் வைத்திருக்கிறார்கள்.

டிஎன்எஸ்ஸுக்கும் ஒரு போலி உண்டு. ஃபேக்என்எஸ் என்று பெயர். உள்ளூர்க் கோப்புகளைப் பார்த்தே பதில் சொல்லும், இணையத்தைத் தொடாது. குறிப்பிட்ட சில பெயர்களைக் கேட்டால் ‘இப்போது முடியவில்லை, பிறகு வா’ என்று வேண்டுமென்றே திருப்பி அனுப்பும். நிஜ டிஎன்எஸ்ஸில் இந்தப் பிழை நமக்கு வேண்டிய நேரத்தில் வராது. இங்கே கூப்பிட்ட உடனே வரும். தோல்வியை விரும்பிய போதெல்லாம் வரவழைக்கும் இந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகும்.

அடுத்து ஆவணம். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் நான்கு இலக்க எண் உண்டு. அதே எண்ணில் கான்ஃபிக், அதே எண்ணில் லாக், அதே எண்ணில் விடை. டெஸ்ட்டின் தலையில் அது எதைச் சோதிக்கிறது என்று ஒரு வரிக் குறிப்பு. கூடவே நீண்ட ரீட்மீ ஒன்று: யாராக லாகின் செய்ய வேண்டும், என்னென்ன கட்டளைகள், எந்தச் சொல் எதுவாக மாற்றப்படும் என்று பொறுமையாக விளக்குகிறது. எழுதியவர் இல்லாத காலத்திலும் வேலை நடக்க வேண்டும் என்ற அக்கறை அதில் தெரிகிறது. ஹேசல் 2007ல் ஓய்வு பெற்றார். டெஸ்ட் சூட் இன்றும் ஓடுகிறது.

பராமரிப்பில்தான் சோதனை. விடை பொருந்தாவிட்டால் ரன்டெஸ்ட் என்ற பெர்ல் நிரல் வித்தியாசத்தைக் காட்டி நின்று கேட்கும்: தொடரலாமா, நிறுத்தலாமா, புதிய விடையையே சரியென்று ஏற்றுக்கொள்ளலாமா? மூன்றாவதுக்கு ஒரு விசையைத் தட்டினால் போதும். சில சமயம் அதுதான் சரி. 2023 நவம்பரில் வந்த 4.97 பதிப்பில் மெயிலின் அடையாள எண்ணையே நீட்டினார்கள்; பழைய விடைகளில் பதித்திருந்த எண்ணும் மாறித்தானே ஆக வேண்டும்! ஆனால் ஏன் மாறியது என்று புரியாமல் அந்த விசையைத் தட்டினால், அன்றைய பிழையே நாளைய சரியான விடையாகிவிடும். ஒரு டெஸ்ட் சூட்டைப் பராமரிப்பவரின் தரத்தை அந்த இடத்தில்தான் நான் பார்ப்பேன்.

இவ்வளவு இருந்தும் 2019ல் குவாலிஸ் நிறுவனம் எக்ஸிமில் பெரிய ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தது. 4.87 முதல் 4.91 வரையிலான பதிப்புகளில், பெறுநர் முகவரியில் கட்டளையை ஒளித்து அனுப்பினால் சர்வர் அதை நிறைவேற்றிவிடும். யாரும் கேட்காத கேள்விக்கு டெஸ்ட் விடை சொல்லாது.

தமிழுக்காகக் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. 2007 அக்டோபரில் ஐகான் அமைப்பு பதினோரு சோதனை டொமைன்களை இணையத்தின் வேரில் நட்டது. அவற்றில் தமிழும் ஒன்று, ‘உதாரணம்.பரிட்சை’ என்ற முகவரியோடு. ஆங்கிலமல்லாத எழுத்தில் மெயில் முகவரி வைப்பதற்கான விதிகள் 2012ல் வந்தன. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற இன்னொரு மெயில் சர்வர் 2015ல் தன் 3.0 பதிப்பில் அவற்றை ஏற்றது. எக்ஸிமின் டெஸ்ட் சூட்டிலும் பன்மொழி முகவரிகளுக்குத் தனிக் கோப்புறை உண்டு.

கும்பகோணத்தையே எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் ஆறு எழுத்து. யூனிகோடில் பத்துக் குறி, ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 30. ஆனால் ‘கோ’வின் இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாகப் பதிந்தால் பதினொரு குறி, 33 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மெயில் முகவரியில் @ குறிக்கு முன்னுள்ள பகுதிக்கு விதி சொல்லும் அளவு 64 பைட். கும்பகோணம் என்று இரண்டு முறை சேர்த்து எழுதினால் ஒரு வடிவம் 60, விதிக்குள் அடங்கும். இன்னொன்று 66, மீறிவிடும். டொமைன் பகுதியில் ஒரே வடிவம்தான் செல்லும் என்று விதி உண்டு. @ குறிக்கு முன்னால் இருப்பதற்குப் பெறும் சர்வர் சொல்வதே தீர்ப்பு. ஆகவே இந்த இரண்டு வடிவமும் ஒரே ஆளுக்குப் போகிறதா என்பதை ஒவ்வொரு சர்வரிலும் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

டெல்டாவில் கணினி படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்கிறேன். கும்பகோணத்தின் இரண்டு வடிவங்களையும் வைத்து ஒரு டெஸ்ட் எழுதுங்கள். கொள்ளிடம், மன்னார்கோயில் என்று ஊர்ப் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். எது எதற்குச் சமம், எதைக் கழித்தீர்கள், ஏன் கழித்தீர்கள் என்பதை மேலே நாலு வரியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவையுங்கள். எக்ஸிமும் போஸ்ட்ஃபிக்ஸும் திறந்த மூல மென்பொருள்கள். டெஸ்ட் எழுதி அனுப்ப யாருடைய அனுமதியும் வேண்டாம்.