பிளாக் ஃபாரஸ்டில் களாக்காய்

நண்பனும் நானும் சென்னை கஃபேக்களில் கேக் தின்பதை ஓர் ஆய்வு மாதிரியே செய்துகொண்டிருக்கிறோம். இந்த முறை பிளாக் ஃபாரஸ்ட் மட்டும். நுங்கம்பாக்கத்தில் இரண்டு கடை, அண்ணா நகரில் ஒன்று.

ஜெர்மனியில் இந்தப் பெயரில் விற்க, செர்ரியிலிருந்து வடித்த கிர்ஷ் சாராயத்தின் சுவை நாக்கில் தெரிந்தாக வேண்டும். அங்குள்ள உணவு வழிகாட்டுநெறி அப்படி. நம்ம ஊரில் சாராயம் போச்சு, சரி, அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். ஆனால் பால் க்ரீமுக்குப் பதில் தாவரக் கொழுப்பு க்ரீம்? சீக்கிரம் உருகாது, அது ஒன்றுதான் அதன் தகுதி. மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டுகிறது. உச்சியில் சிவப்பாக உட்கார்ந்திருப்பது பல கடைகளில் செர்ரியே இல்லை, சாயமேற்றிப் பாகில் ஊறிய களாக்காய்!

களாக்காய்மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல புளிப்புக்காய் அது. அசல் கேக்கில் க்ரீமின் திகட்டலை அறுப்பது செர்ரியின் புளிப்புதான். அந்த வேலையைக் களாக்காயும் செய்திருக்கும். அதன் புளிப்பைக் கொன்றுவிட்டு இனிப்புக்கு மேல் இனிப்பாக வைக்கிறார்களே, அதுதான் அநியாயம்.

அண்ணா நகர் கடையில் மட்டும் பால் க்ரீம். வாயில் வைத்ததும் கரைந்தது, இன்னொரு துண்டு வாங்கினோம். மற்ற இரண்டையும் பாதியில் தள்ளிவைத்தான் நண்பன். “இதுக்கு உப்புல போட்ட களாக்காயையே வெச்சிருக்கலாம்டா” என்றான். மறுக்கத் தோன்றவில்லை.