அவலாஞ்சியில் சூரிய மின்சாரம்: கூரையும் அணையும்

சென்னைக்குப் போட்ட சோலார் கணக்கை அப்படியே நீலகிரியின் அவலாஞ்சிக்கு மலையேற்றுவதில்தான் பிழை தொடங்குகிறது. ஒரு கிலோவாட் தகட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு யூனிட் என்பது ஆண்டுச் சராசரி. 2019 ஆகஸ்டில் 24 மணி நேரத்தில் 91 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஊரில் அந்தச் சராசரியை நம்பித் திட்டமிட முடியாது.

மலைக்கும் சாதகம் உண்டு, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சிலிக்கான் செல்லில் ஒளி பட்டதும் எலெக்ட்ரான்கள் விடுபட்டு ஒரே திசையில் ஓடுகின்றன. அந்த நேர்மின்னோட்டத்தை இன்வெர்ட்டர் வீட்டுக்கு ஏற்ற மாறுமின்னோட்டமாக்குகிறது. இதற்கு வேண்டியது ஒளி மட்டுமே, வெப்பம் எதிரி. செல்லின் வெப்பநிலை 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதத் திறன் குறையும். சமவெளி மொட்டைமாடியில் செல் 60 டிகிரியைத் தொடும்போது ஏழில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஜனவரியில், உறைபனி விலகித் தெளிந்த வானம் திறக்கும் பகலில், அவலாஞ்சியை அடுத்த எமரால்டிலோ இத்தலாரிலோ உள்ள தகடு அந்த இழப்பிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடும்.

ஆனால் ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் வாரக்கணக்கில் மேகமும் மூடுபனியும்தான். சரிவை ஒட்டிய வீடுகளில் கற்பூர மரத்தின் நிழல் வேறு. தொடராக இணைத்த தகடுகளில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையின் உற்பத்தி அடிவாங்கும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்றைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்பு, லைனில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது, நியாயமானதுதான். ஆனால் மரம் சாய்ந்து கம்பி அறுந்து கிராமமே இருளும் நாட்களில், கூரையில் தகடு இருந்தும் பகலில்கூட ஒரு போன் சார்ஜ் ஏறாது.

பணக் கணக்கும் இங்கே வேறு. 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. தமிழ்நாட்டிலோ வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம். ஏசி தேவைப்படாத, ஃபேன்கூட அரிதாகச் சுற்றும் மலைவீட்டின் பில் ஏற்கெனவே சிறியது. போட்ட முதல் திரும்ப நெடுநாள் ஆகும். அந்த வீட்டில் கரண்டைக் குடிப்பது கீசர். கீசர் இல்லாத வீட்டில் எரிவது விறகு. ஆகவே இங்கே முதலில் ஏற வேண்டியது சூரிய வெந்நீர்க் கலன் என்பேன். ஒளியை மின்சாரமாக்கி மறுபடி வெப்பமாக்கும் சுற்றுவழி அதில் இல்லை. தட்டை வகை வேண்டாம்: உறைபனி இரவில் உள்ளிருக்கும் நீர் உறைந்து செம்புக் குழாய் வெடிக்கலாம். வெற்றிடக் குழாய் வகை குளிரைத் தாங்கும். மழைக்காலத்துக்கு மாற்று ஏற்பாடு எப்படியும் வேண்டும்.

கூரையைவிட அவலாஞ்சிக்குச் சூரியனோடு பெரிய தொடர்பு அதன் அணையில் இருக்கிறது. 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின்திட்டத்தில் போர்த்திமந்து மேல் நீர்த்தேக்கம், அவலாஞ்சி–எமரால்டு கீழ் நீர்த்தேக்கம். பகலில் சமவெளியில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, விளக்கேற்றும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கலாம். ஏற்றச் செலவிட்டதில் முக்கால் பங்கோ சற்று அதிகமோ திரும்பக் கிடைக்கும். மாலையில் சூரியன் மறையும் குறையை இது ஈடுகட்டுகிறது என்பதால் இதை வரவேற்கிறேன். ஆயினும் நிலச்சரிவால் பெயர் பெற்ற மலையைக் குடைந்துதான் இத்திட்டத்தின் சுரங்கம் அமைகிறது. அந்தச் சுமையை மலை ஏற்க, பலன் பெரிதும் சமவெளி நகரங்களுக்குப் போகிறது.

அதற்குக் கைம்மாறாக அரசு ஒன்றைச் செய்யலாம். மானியத்தைத் தகட்டின் கிலோவாட்டோடு நிறுத்தாமல், நீலகிரிக்கென்று வெந்நீர்க் கலனுக்கும், ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளி, ரேஷன் கடை ஆகியவற்றின் பேட்டரிக்கும் நீட்டிக்க வேண்டும். அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன் சுகாதார நிலையங்களிலிருந்தாவது இதைத் தொடங்குங்கள்.