விட்டுறாம நிக்கிறது: 'பொறுமை' என்ற சொல்லும் கம்பம் பள்ளத்தாக்கும்

1

விசுவாசம், ஜெபம் என்று பேச்செடுத்தாலே நம்மில் பலருக்கு ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. அந்தப் பேச்சை ஒன்று பாதிரிகளிடம் விட்டுவிடுகிறோம், இல்லையென்றால் 'போதை' என்ற ஒரே சொல்லில் கணக்கை முடித்துவிடுகிறோம். நானும் வெகுகாலம் அப்படி முடித்துக்கொண்டு திரிந்தவன்தான். அந்தக் கணக்கை மறுபடி திறக்கவைத்தது எந்தத் தத்துவ நூலும் இல்லை. ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற என் பெரியம்மா சொன்ன ஒரு வாக்கியம்.

2011 டிசம்பர். முல்லைப்பெரியாறு அணைப் பிரச்சினை இரண்டு பக்கமும் கொதித்துக்கொண்டிருந்தது. இடுக்கி மலையில் ஏலத்தோட்டங்களில் இருந்த தமிழ்க் கூலிகள் தாக்கப்பட்டார்கள், விரட்டப்பட்டார்கள். எல்லைப் பாதைகள் அடைபட்டன. ஆயிரக்கணக்கானவர்கள் கையில் கிடைத்த மூட்டையோடு இறங்கி வந்தார்கள். பலர் வந்தது காட்டு வழி. பெரியம்மாவும் அப்படி வந்தவர்களில் ஒருத்தி.

அடுத்த ஞாயிறு அவரோடு கோயிலுக்குப் போயிருந்தேன். போதகர் அன்று எடுத்துக்கொண்டது ரோமர் 5ஆம் அதிகாரம். உபத்திரவத்திலிருந்து பொறுமை, பொறுமையிலிருந்து பரீட்சை, பரீட்சையிலிருந்து நம்பிக்கை என்று படிப்படியாக ஏறுகிற பகுதி. "நமக்குக் கர்த்தர் கொடுத்த ஆயுதம் பொறுமை" என்று பிரசங்கத்தை முடித்தார். சனங்கள் 'ஆமென்' சொன்னார்கள். பெரியம்மாவும் சொன்னார். வீட்டுக்கு நடந்து வரும்போது நான் கொஞ்சம் குத்தலாகவே கேட்டேன்: "என்ன பெரியம்மா, பொறுமையா இருந்தா எல்லாம் சரியாயிருமா?" அவர் நின்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பொறுத்துக்கிட்டா வந்தோம்? பொறுத்துக்கிட்டு இருந்திருந்தா அங்கயே செத்துருப்போம்ப்பா. விட்டுறாம வந்தோம்."

பிரசங்கத்துக்கு ஆமென் சொன்ன வாய்தான் இதையும் சொன்னது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

2

முதலில் சொல்லைப் பார்ப்போம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் உள்ள சொல் 'ஹூப்பொமொனே'. 'கீழே', 'தங்கியிருத்தல்' என்ற இரண்டு பகுதிகள் சேர்ந்த சொல். பாரம் தலைமேல் இருக்கும்போதும் இடத்தை விட்டு ஓடாமல் நிற்பது. 1871இல் வெளிவந்த, புரொட்டஸ்டண்டு சபைகளில் இன்றும் வாசிக்கப்படுகிற மொழிபெயர்ப்பு இதற்குக் கொடுத்த தமிழ், 'பொறுமை'. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு அதே இடத்தில் 'மனவுறுதி' என்கிறது. முன்னதில் 'விசுவாசம்' என்பது பின்னதில் 'நம்பிக்கை' ஆகிறது. முன்னதில் 'நம்பிக்கை' என்பது 'எதிர்நோக்கு' ஆகிறது. ஆக ஒரே ஊரில் இரண்டு கோயில்களில் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல் இரண்டு வேறு பொருளில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இதை வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கல் என்று தள்ளிவிட முடியாது. 'பொறுமை' என்ற சொல் வெறுங்கையோடு விவிலியத்துக்குள் நுழையவில்லை. தனக்கென ஒரு நீதி மரபைச் சுமந்துகொண்டுதான் நுழைகிறது. குறளின் பொறையுடைமை அதிகாரம், தன்னைத் தோண்டுகிறவனையே தாங்கும் நிலத்தை உவமையாக்குகிறது. நிலம் பொறுக்கிறது, நீயும் பொறு. நல்ல உவமைதான். ஆனால் நம் பள்ளத்தாக்கில் நிலத்தைத் தோண்டுகிறவனுக்கு நிலம் சொந்தமில்லை. 1895இல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்தது. பள்ளத்தாக்கு பச்சையானது, நிலம் வைத்திருந்தவனுக்கு இருபோகம் கண்டது. நிலம் இல்லாதவனுக்கு அந்தத் தண்ணீரால் கிடைத்தது கூடுதல் நாள் கூலி. இங்கே நிலம் தோண்டுகிறவனைத் தாங்குகிறது, தோண்டுகிறவன் நிலக்காரனைத் தாங்குகிறான். இந்த வரிசையில் 'பொறுமை' யாருக்குப் போதிக்கப்படுகிறது என்று சொல்லவேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை. யாக்கோபு நிருபத்தில் யோபுக்கு முன்மாதிரி நற்சான்று கொடுக்கப்படுகிறது. கிரேக்கத்தில் அங்கேயும் இதே சொல், பழைய தமிழில் அங்கேயும் இதே 'பொறுமை'. ஆனால் யோபின் ஆகமத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், அவன் பொறுமையாக இருந்தது முதல் இரண்டு அதிகாரங்களில்தான். அப்புறம் பிறந்த நாளையே சபிக்கிறான். சமாதானம் சொல்ல வந்த நண்பர்களை வாய்மூடச் சொல்கிறான். கடவுளை நேருக்கு நேர் வழக்காட அழைக்கிறான். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது யோபின்மேல் அல்ல, பொறுமையைப் பிரசங்கித்த அந்த நண்பர்கள்மேல். இந்தப் பிரதியிலிருந்து 'யோபைப் போலப் பேசாமல் இரு' என்ற போதனையை ஒருவர் எடுக்கிறார் என்றால், அது பிரதியின் குற்றம் அல்ல.

3

கம்பம் பள்ளத்தாக்கில் விவிலியத்தை வாசிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. திராட்சைத் தோட்டம் அவர்களுக்கு உருவகம் இல்லை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று போனால் பாதையின் இருபக்கமும் பந்தல்தான். வருஷம் முழுக்க ஏதாவதொரு பந்தலில் பழம் வெட்டு இருக்கும். பன்னீர் திராட்சையை 1832இல் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்லப்படுகிறது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கவாத்து பண்ணுகிற, மருந்து அடிக்கிற, பழம் வெட்டுகிற கைகளுக்குக் குறியீடு எதுவும் கிடைக்கவில்லை.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் வருகிற திராட்சைத் தோட்டத்துக் கூலிகளின் கதையை ஒருநாள் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் வைத்து வாசித்தோம். அவரோடு மலைக்குப் போகிற நாலைந்து பெண்கள் இருந்தார்கள். விடியலில் வந்தவனுக்கும் சாயங்காலம் வந்தவனுக்கும் எசமான் ஒரே கூலி கொடுக்கிறான். பிரசங்கங்களில் இது எப்போதும் 'கிருபை' பற்றிய கதை. முணுமுணுக்காதே என்று முடியும். திண்ணையில் கதை வேறு மாதிரி போனது. சாயங்காலம் வரைக்கும் கடைவீதியில் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எங்களை யாரும் கூப்பிடவில்லை என்று அவர்கள் சொல்கிறார்கள் அல்லவா, அந்த இடத்தில் எல்லோரும் ஒருசேரத் தலையாட்டினார்கள். விடியக்காலை ஜீப்புக்காக நிற்பவர்களுக்கு அந்தப் பதில் தெரியும். வண்டியில் இடமில்லை என்று திரும்பிய நாளிலும் வீட்டில் அடுப்பு எரிந்தாக வேண்டும். 'கடைசியா வந்தவனுக்கும் வயிறு ஒண்ணுதான?' என்றார் ஒருத்தி. கூலியை வேலை நேரத்தால் அளக்காமல் தேவையால் அளக்கிற ஓர் உலகத்தை அவர்கள் அந்தக் கதையில் எந்தச் சிரமமும் இல்லாமல் கண்டுகொண்டார்கள். 

நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி கேட்டார்: "குடுக்கிறவன் நல்லவனா இருந்தான், குடுத்தான். நல்லவனா இல்லைன்னா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. என் உடைமையை என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரம் இல்லையா என்று கதையின் எசமான் கேட்கிறான். அந்தக் கேள்வியின் நல்ல முகத்தைத்தான் கதை காட்டுகிறது. அதன் இன்னொரு முகத்தை ஏலத்தோட்டத்துக்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள். எசமானின் நல்ல மனசை நம்பி நிற்கிற நம்பிக்கை ஒன்று. உரிமையை எதிர்நோக்கி நிற்கிற நம்பிக்கை வேறொன்று. கிறிஸ்தவப் பேச்சு இந்த இரண்டையும் எப்போதும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறது. அந்தப் பெண் முடிச்சை அவிழ்த்துவிட்டார்.

4

உரிமை என்றதும் இன்னொரு கதை நினைவுக்கு வருகிறது, லூக்கா 18. கடவுளுக்கும் பயப்படாத, மனுஷரையும் மதிக்காத ஒரு நீதிபதி. அவனிடம் ஒரு விதவை திரும்பத் திரும்பப் போய் நியாயம் கேட்கிறாள். தொந்தரவு தாங்காமல் அவன் கடைசியில் நியாயம் செய்கிறான். சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்கு இயேசு கொடுக்கிற உதாரணம் இது. கவனியுங்கள், அவர் காட்டுவது கண்மூடி முழங்காலிட்ட பக்தையை அல்ல, கோர்ட் வாசலை விடாத ஒரு பெண்ணை.

தலித் கிறிஸ்தவர்கள் 70 ஆண்டுகளுக்கு மேலாக அந்த விதவையின் இடத்தில் நிற்கிறார்கள். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் உள்ளே சேர்க்கப்பட்டார்கள். சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பவரின் வழக்கில், மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போடப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் இந்த உரிமை கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டவர்கள்.

ஆதாரம் போதாதாம். 1989 செப்டம்பரில் போடியைச் சுற்றி சாதிக் கலவரம் வெடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அரிவாள் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டா இறங்குகிறது? அதே மாதத்தில்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அந்தச் சட்டத்தின் நிழலும் பட்டியலுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

சரி, நீதிமன்றம் கேட்ட ஆதாரத்தைத் திருச்சபையே கொடுத்திருக்கலாம், அதன் சொந்தச் சரித்திரமே சாட்சி. வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிபட்டது. 2008 மார்ச்சில் எறையூரில் சம உரிமை கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் தாக்கப்பட்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு', கன்னிமடத்துக்குள் இருந்த சாதியை உள்ளிருந்தே எழுதிக் காட்டியது. 'பொறுமை'யைத் துறந்த ஒரு விசுவாசியின் நூலாகவே நான் அதை வாசிக்கிறேன். மடத்தை விட்டு அவர் வெளியே வந்தார். கேள்வியை விட்டு வெளியே வரவில்லை.

ஆனால் அதே சரித்திரத்தில் வேறொரு இழையும் ஓடுகிறது. பெரியகுளம் உள்ளிட்ட இந்தப் பகுதியில் வேலை செய்த அமெரிக்க மதுரை மிஷன், 1847இல், சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லோரும் சேர்ந்து உண்ண வேண்டும் என்று முடிவெடுத்தது. உபதேசியார்கள் உட்படப் பலர் அதற்குச் சம்மதிக்காமல் சபைக்கு வெளியே நின்றார்கள். நம்பிக்கை அறிக்கையை மனப்பாடமாகச் சொன்னவர்களுக்கு ஒரு வாய்ச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, நம் 'பரட்டை', 2005இல் இறக்கும்வரை பறையோடும் கிராமியப் பாட்டோடும் சொல்லிக்கொண்டிருந்ததும் இதைத்தான். எல்லோருக்கும் ஒரே உலையில் பொங்கி, சேர்ந்து தின்பது. அவருக்கு அதுவே திருவிருந்து. 'நாளைக்குப் பரலோகம்' என்பதை அவர் 'இன்றைக்குச் சோறு' என்று இறக்கி வைத்தார்.

5

தோழர்கள் கேட்கலாம்: இவ்வளவும் சரி, ஆனால் இந்த நம்பிக்கை கடைசியில் போராட்டத்தை ஒத்திப்போடத்தானே செய்கிறது? செய்கிறது, பல இடங்களில். நிறுவனமாகத் திருச்சபை நிலமும் கல்லூரியும் வைத்திருக்கிற ஒரு எசமான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மார்க்ஸ் அபினியைச் சொன்ன அதே பத்தியில் மதத்தை ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சாகவும், துயரத்துக்கு எதிரான மறுப்பாகவும் சொன்னார். நாம் பாதிப் பத்தியோடு நிறுத்திக்கொண்டோம். இன்னும் வராததை நோக்கி மனிதன் கொள்ளும் ஏக்கத்தை மார்க்சியத்துக்குள்ளேயே ஒரு சக்தியாக எண்ணி எர்ன்ஸ்ட் ப்ளோக் 1950களில் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். அதன் பாதிப்பில்தான் மோல்ட்மன் 1964இல் எதிர்நோக்கின் இறையியலை எழுதினார். அந்த ஏக்கத்தை நாம் பிரசங்க பீடத்துக்குத் தாரை வார்த்துவிட்டுப் பகுத்தறிவை மட்டும் வைத்துக்கொண்டது நம் நஷ்டம்.

யோசித்துப் பார்த்தால் போதகரும் நானும் செய்த தவறு ஒன்றுதான். அந்த மக்களின் விசுவாசத்தை இருவருமே 'பொறுமை' என்று வாசித்தோம். அவர் அதற்காகப் பாராட்டினார், நான் அதற்காகப் பரிகாசம் பண்ணினேன். அவர்கள் செய்துகொண்டிருந்தது என்ன என்று இருவருமே பார்க்கவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கில் எல்லை மறுபடி மூடியது. ஜீப்புகள் நின்றன. பெரியம்மாவின் தெருவில் அரிசி இருந்த வீட்டிலிருந்து இல்லாத வீட்டுக்குப் போயிற்று. ஜெபக்கூட்டத்துப் பெண்கள்தான் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். எந்த வீடு ஞானஸ்நானம் வாங்கியது என்று அந்தக் கணக்கில் இல்லை. பரட்டை சொன்ன உலை ஏறத்தாழ அதுதான். அதற்கு அவர்கள் இறையியல் பெயர் எதுவும் வைக்கவில்லை.

மொழிபெயர்ப்புக் குழுக்கள் இனியும் கூடும். 'பொறுமை' போய் 'மனவுறுதி' வந்தது நல்ல திருத்தம்தான். ஆனாலும் அது மனசுக்குள் நடக்கிற காரியமாகவே நிற்கிறது. அந்தக் கிரேக்கச் சொல்லில் கால் இருக்கிறது, பாரம் இருக்கிறது, ஓடாமல் நிற்கிற இடம் இருக்கிறது. அதற்குச் சரியான தமிழ் எங்கள் தெருவில் ஏற்கெனவே புழங்குகிறது. அச்சில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் விடியலில் பெரியம்மாவை ஜீப் வரைக்கும் கொண்டுவிடப் போனேன். முழங்கால் வலி. இனிமேல் மலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். வண்டி வந்தது. கிளம்பும் முன் உள்ளே யாரோ ஒருத்தி இரண்டு வரி ஜெபம் சொன்னார். பெரியம்மா ஆமென் சொல்லிவிட்டு, வெளியே தலையை நீட்டி டிரைவரிடம் சத்தமாகக் கேட்டார்: "கூலியை ஏத்திக் கேட்டமே, என்ன சொன்னாரு உங்க முதலாளி?"

டிரைவர் பதில் சொல்லவில்லை. நாளைக்கும் கேட்பார்.