முகமூடி கடைசியில்: தோல் ஷாப்பின் பாதுகாப்புச் சாதனங்கள் குறித்து

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை நெடுகப் பரவியிருக்கும் தோல் ஷாப்புகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், பாதுகாப்புச் சாதனம் என்றால் மூன்று பொருள்கள்தான் முதலில் நினைவுக்கு வரும்: கையுறை, கம் பூட்ஸ், முகமூடி. மூன்றும் விலை குறைவு. கண்ணுக்குத் தெரிபவை. வெளிநாட்டு வாங்குபவரின் தணிக்கையாளர் வரும் நாளில் எடுத்துக் கொடுக்கத் தோதானவை. இந்த வரிசையில் வாங்குவது தவறு என்பதுதான் என் வாதம். ஒரு சாதனம் எத்தனை பேர் உடம்பில் ஏறியிருக்கிறது என்பதை வைத்து அதை மதிப்பிட முடியாது. மிக மோசமான அரை நிமிடத்தில் அது என்ன செய்கிறது, அந்த அரை நிமிடத்தில் அது கைவிட்டால் என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

அந்த அரை நிமிடம் பெரும்பாலும் கழிவுநீர்க் குழியில்தான் வருகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ரா தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அந்தக் கரைசல் கடும் காரம். காரமாக இருக்கும்வரை சல்ஃபைடு நீரிலேயே அடங்கிக் கிடக்கும். பிக்கிள் ட்ரம்மிலிருந்தும் குரோம் ட்ரம்மிலிருந்தும் வெளியேறும் நீரோ அமிலம். இரண்டும் ஒரே வாய்க்காலில், ஒரே தொட்டியில் கலந்தால் காரம் இறங்கி, அடங்கியிருந்த சல்ஃபைடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாகக் கிளம்பிவிடும். இது ஒரு வழி. இன்னொரு வழி மெதுவானது. குரோம் உப்பிலும் கந்தக அமிலத்திலும் இருந்து வரும் சல்ஃபேட்டைத் தொட்டியின் அடிச்சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் சல்ஃபைடாக மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த வாயு சேற்றுக்குள் சிக்கியிருக்கும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருவர் இறங்கிச் சேற்றைக் காலால் மிதித்ததும், மண்வெட்டியால் கிளறியதும் மொத்தமாக வெளிப்படும். காற்றைவிடக் கனமானதால் குழியை விட்டு மேலே ஏறாமல் அங்கேயே தேங்கும்.

அழுகின முட்டை நாற்றம்தானே, வந்தால் ஓடிவிடலாம் என்று அனுபவசாலிகள் சொல்வதுண்டு. இந்த நம்பிக்கை ஆளைக் கொல்லக்கூடியது. மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு இந்த வாயுவைக் கண்டுபிடித்துவிடும் என்பது உண்மை. ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மோப்ப நரம்பு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று ஆள் நினைத்துக்கொள்வார். 700, 1000 என்று ஏறினால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். நம் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்திருந்த சராசரி அளவு வெறும் 10 பங்கு.

இந்தக் குழிக்கு முகமூடி என்ன செய்யும்? கொரோனா காலத்தில் ஊரெங்கும் புழங்கிய துணி முகமூடியோ, தூசு முகமூடியோ வாயுவை ஒரு துளியும் தடுக்காது. வடிகட்டி டப்பா பொருத்திய முகமூடி அதைவிட மேல் என்று தோன்றும். அதில் சிக்கல் இரண்டு. பழுப்புப் பட்டை போட்ட டப்பா பெயின்ட், பசை ஆவிகளுக்கானது. ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குச் சாம்பல் பட்டை வேண்டும். ஸ்டோரில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கொடுத்தால் தவறான டப்பா போய்விடும். சரியான டப்பாவே கிடைத்தாலும் அது காற்றை வடிகட்டித் தருமே தவிர ஆக்சிஜனை உண்டாக்காது. குழிக்குள் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் எந்த வடிகட்டியும் பயன்படாது. வாயுவின் செறிவு 100 பங்கைத் தாண்டினாலும் வடிகட்டியை நம்பி இறங்கக் கூடாது. ஆகவே குழியைப் பொறுத்தவரை வடிகட்டி முகமூடி முகமூடியே இல்லாததைவிட ஆபத்தானது. முகமூடி இல்லாதவர் தயங்குவார், மாட்டியவர் இறங்கிவிடுவார்.

கடலோரத்தில் ஒரு பழைய விவாதம் உண்டு: சிறு படகில் லைஃப் ஜாக்கெட்டை உடுத்தியே போவதா, பலகைக்கு அடியில் வைத்துக்கொள்வதா? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரிக் கடலைச் சூறையாடிய பின் அந்த விவாதம் புதிதாகக் கிளம்பியது. படகிலிருந்து விழுந்தவருக்கு, நீந்தத் தெரிந்தால், மிதக்கும் எதையாவது பற்றிக்கொள்ளக் கொஞ்சம் நேரமாவது இருக்கிறது. குழிக்குள் அந்த நேரம் கிடையாது. உள்ளே இறங்கிய பிறகு மாட்டிக்கொள்ளக்கூடிய சாதனம் என்று எதுவும் இல்லை. எனவே குழிச் சாதனங்களில் மேலே நிற்கும்போதே வேலை செய்பவற்றுக்குத்தான் முதல் மதிப்பு.

அப்படிப்பட்டவற்றில் முதலாவது வாயுமானி. ஆக்சிஜன், எரிவாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு நான்கையும் ஒருசேர அளக்கும் கையடக்கக் கருவி சில பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. மூடியைத் திறந்து வாயருகே நீட்டிவிட்டு, பூஜ்யம் காட்டுகிறது என்று சொல்வதில் பயனில்லை. குழாய் மாட்டி மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். சேற்றைக் கம்பால் கிளறிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். ஆள் இறங்கினால் அவர் நெஞ்சிலும் ஒன்று மாட்டியிருக்க வேண்டும். இந்தக் கருவிக்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் உணரிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் செத்துப்போகும். தெரிந்த அளவுள்ள சோதனை வாயுவைக் காட்டி அவ்வப்போது சரிபார்க்காத மானி, உயிர் போகும் இடத்திலும் பூஜ்யமே காட்டும். மானி வாங்கியவர் சோதனை வாயு சிலிண்டரையும் வாங்கினாரா என்பதைப் பார்த்தாலே அவர் எதற்காக வாங்கினார் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, குழிவாயின் மேல் நிறுத்தும் முக்காலியும் அதில் பொருத்திய கைச்சுழல் வின்ச்சும். இதைத்தான் பலர் ஆடம்பரம் என்று ஒதுக்குகிறார்கள். என் பட்டியலில் இது முகமூடிக்கு வெகு மேலே இருக்கிறது. குழியில் ஒருவர் விழுந்ததைப் பார்த்துப் பதறி இறங்கும் அண்ணனும் தம்பியும் கூட்டாளியும் அடுத்தடுத்துச் சாவதுதான் இந்த விபத்துகளின் வழக்கமான வடிவம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986-இல் வெளியிட்ட எச்சரிக்கையில், இப்படிப்பட்ட அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று சொன்னது. உடல் முழுவதையும் தாங்கும் பட்டை அணிந்து, முதுகுப்பக்க வளையத்தில் கம்பிவடம் மாட்டி இறங்கியவரை, மேலே நிற்கும் ஒரே ஆள் வின்ச்சைச் சுற்றித் தூக்கிவிடலாம். இரண்டாமவர் இறங்கத் தேவையே வராது. இடுப்பில் கட்டிய கயிறு இந்த வேலைக்கு ஆகாது; மயங்கித் துவண்ட உடம்பு அதில் மடிந்து மேன்ஹோல் விளிம்பில் சிக்கும்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 36-ஆம் பிரிவில் இதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. குழியைச் சோதித்து, பாதுகாப்பானது என்று தகுதி பெற்றவர் எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையேல் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்புவாரில் கயிறு கட்டி, அதன் மறுமுனையை வெளியே நிற்பவர் பிடித்திருக்க வேண்டும் என்றது அது. இடுப்புவார் என்பது அந்தக் காலத்து அறிவு. இன்று முழுவுடல் பட்டை வந்துவிட்டது. ஆனால் சட்டத்தின் கருத்து மிகச் சரியானது. வெளியே ஒருவர் நிற்பதையும் அது சாதனத்தின் ஒரு பகுதியாகவே எண்ணியது.

சிலிண்டரோடு கூடிய சுவாசக் கருவியை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் அது மோசமான பொருள் என்பதல்ல. குழிக்குள் மூச்சுக்கு உத்தரவாதம் தருபவை அதுவும் வெளியிலிருந்து குழாய் வழியே காற்று தரும் கருவியும் மட்டுமே. ஆனால் அது கேட்கும் பராமரிப்பு அதிகம். 300 பார் அழுத்தத்தில் நிரப்பிய 6 லிட்டர் சிலிண்டர், கடும் வேலை செய்பவருக்கு முக்கால் மணி நேரம்கூட வராது. குறுகலான மேன்ஹோலுக்குள் சிலிண்டரை முதுகில் சுமந்தபடி நுழைய முடியாது. முகக்கவசத்தின் விளிம்பு தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். தாடி இருந்தால் இடைவெளி விழும். தாடி வைப்பது நம்பிக்கையின் பகுதியாக இருக்கும் பலர் வேலை செய்யும் இந்த ஊர்களில் இதை மரியாதையோடும் வெளிப்படையாகவும் பேசியாக வேண்டும். தாடி உள்ளவரை இந்தப் பணிக்கு அனுப்பாமலிருப்பதே முறை. அவரை மழிக்கச் சொல்வது முறையல்ல. இத்தனையையும் கவனிக்க நாலு ட்ரம் வைத்து நடத்தும் ஒரு சிறிய ஷாப்பால் முடியுமா? முடியாது என்றே கருதுகிறேன். தூசு படிந்து ஸ்டோரில் தொங்கும் சுவாசக் கருவி யாரையும் காக்காது.

குழியே ஏன் இத்தனை பெருகியது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணையாத, சொந்தமாகவும் சுத்திகரிப்பு வசதி வைக்காத ஷாப்பு இயங்க முடியாது என்ற நிலை வந்தது. பாலாற்றுக்கு அது அவசியமான தீர்ப்பு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஆற்றைக் காக்கக் கட்டிய சேகரிப்புத் தொட்டி, செட்லிங் டேங்க், சேற்றுத் தொட்டி ஒவ்வொன்றும் யாராவது இறங்கித் துப்புரவு செய்ய வேண்டிய இடமாயிற்று. காலணி அணிபவரின் தோலுக்கும் பாதுகாப்பு வந்தது. தோல் பொருளில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்ற ஐரோப்பிய விதி 2015 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏற்றுமதி செய்பவர்கள் அதற்காக ஆய்வகம் ஆய்வகமாக அலைந்தார்கள். தொட்டிக்குள் இறங்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்காக அப்படி அலைந்தவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் அவர் பெயர் ஷாப்பின் பதிவேட்டில்கூட இருக்காது. பெயரே இல்லாதவருக்கு எந்த அளவில் கவசம் வாங்குவது?

கையுறைக்கு வருகிறேன். தோல் ஊரில் தோல் கையுறை சுலபமாகக் கிடைக்கும். சூட்டுக்கும் சிராய்ப்புக்கும் அது நல்லது. ஈர வேலைக்குக் கூடாது. குரோம் நீரில் நனைந்த தோல் கையுறை அந்த நீரை உறிஞ்சிக் கையோடு ஒட்டவைத்துக்கொண்டிருக்கும். மயிரைக் கரைக்கும் சல்ஃபைடு நகத்தையும் மேல்தோலையும் விட்டுவைக்காது, எல்லாம் ஒரே கெராட்டின்தான். சுண்ணாம்பு வேலைக்கு முழங்கைவரை நீண்ட தடித்த நைட்ரைல் கையுறை வேண்டும். கையை உயர்த்தும்போது நீர் உள்ளே வழியாமலிருக்க அதன் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துவிட வேண்டும். ஆனால் சதையைச் சீவும் ஃப்ளெஷிங், நீரைப் பிழியும் சாமிங் போல உருளைகள் சுழலும் இயந்திரங்களில் தொளதொளத்த கையுறை விரலை உள்ளே இழுத்துவிடும். அங்கே காவல் எதுவென்றால் இயந்திரத்தின் முன்தடுப்பும், தொட்டதும் நிறுத்தும் பட்டையும்தான். எல்லாருக்கும் ஒரே கையுறையை மொத்தமாக வாங்கிக் கொடுப்பது சிக்கனமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. பெண்கள் அதிகம் வேலை செய்யும் ஷூ கம்பெனிகளில் ஆண்கள் அளவிலேயே வாங்கிப் போடுவதும் அப்படித்தான்.

கம் பூட்ஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொழுப்பும் சுண்ணாம்பும் கலந்த தரையில் வழுக்காத அடிப்பகுதிதான் முக்கியம். தோலைத் தேய்க்கும் பஃபிங் வேலையின் தூசுக்கு இந்தியத் தர நிர்ணயம் 9473 முத்திரை உள்ள முகமூடி போதும், உறிஞ்சு விசிறி ஓடிக்கொண்டிருந்தால். கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால் 15 நிமிடமாவது இடைவிடாமல் கழுவ வேண்டும். அதற்கான குழாய் வெயிலில் காயும் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வந்தால், வேலூர் மே மாதத்தில் அந்த நீரில் கண்ணைக் காட்டவே முடியாது. நிழலில் தொட்டியும் மண்ணுக்கடியில் குழாயும் பெரிய செலவில்லை.

எந்தச் சாதனமும் எட்டாத இடமும் உண்டு. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கழிவு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். உறங்குபவருக்கு அணிவிக்கக் கவசம் கிடையாது. தொட்டிச் சுவரின் உறுதியும், தொழிலாளர் உறங்கும் இடமும் எந்தச் சாதனப் பட்டியலிலும் வராதவை. ஆனால் எல்லாச் சாதனங்களுக்கும் முன்னால் கேட்க வேண்டியவை.

இனி என் முடிவு. முதல் செலவு ஆள் இறங்காமலிருப்பதற்கு: சேற்றை இழுக்கும் பம்ப், உறிஞ்சு லாரி, சுண்ணாம்பு நீரும் அமில நீரும் கலக்காத தனி வாய்க்கால். அடுத்தது மானி, அதற்கடுத்தது முக்காலி. பின்பு புதுக்காற்று ஊதும் பொறிபடாத விசிறி. சுவாசக் கருவி அதற்கும் பின்னர். வடிகட்டி முகமூடிக்குக் குழியருகே இடமில்லை. தனி ஷாப்பு மானியையும் கையுறை, பூட்ஸ், கண்ணாடி, கண்கழுவும் குழாயையும் வைத்துக்கொள்ளட்டும். முக்காலி, விசிறி, சுவாசக் கருவி மூன்றையும், அவற்றில் பழகிய நிரந்தர ஆட்களையும் அந்தந்த ஊர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்க வேண்டும். அந்த நிலையங்களை உறுப்பினர் ஷாப்புகளே சேர்ந்து நடத்துவதால் செலவு பங்கிடப்படும். மொத்தச் சாதனமும் சில லட்சத்துக்குள் அடங்கும். பாதாளச் சாக்கடையில் ஒருவர் இறந்தால் 30 லட்ச ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம். எந்த ஷாப்பிலும் அந்தக் குழு வராமல் மூடி திறக்கக் கூடாது. மேஸ்திரி அழைத்துவரும் வெளியாளை இறக்கக் கூடாது. அழைப்பு இரவு இரண்டு மணிக்கு வந்தாலும் சாதன அறை திறக்க வேண்டும்; எனவே அதன் சாவி மேலாளர் வீட்டில் இருக்கக் கூடாது, கேட்டில் நிற்கும் காவலரிடம் இருக்க வேண்டும்.