ஆரஞ்சுச் சின்னம்

ஆரஞ்சுச் சதுரத்தின் மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதை அணைத்தபடி இரண்டு வளைவுகள். 1999-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தொடங்கிவைத்த ஆர்.எஸ்.எஸ். செய்தியோடையின் அடையாளம் இதுதான். (அரசியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

திறந்து பார்த்தால் வெறும் எக்ஸ்எம்எல் கோப்பு: தலைப்பு, சுட்டி, தேதி, கொஞ்சம் வாசகம். எழுதுகிறவர் புதிதாக ஏதாவது ஏற்றினால் அதில் ஒரு உருப்படி கூடும். வாசிப்புச் செயலி அவ்வப்போது எட்டிப் பார்த்து வந்து சொல்லும். நடுவில் தரகர் கிடையாது. யாருக்கு எதைக் காட்டலாம் என்று கணக்குப் போடும் நிரலும் இல்லை. தமிழ்மணம் திரட்டி ஏராளமான தமிழ் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் கோத்துக் காட்டியது இத்தகைய ஓடைகளைக் கொண்டுதான்.

2013 ஜூலையில் கூகுள் ரீடர் என்ற வாசிப்புச் செயலி மூடப்பட்டபோது பலர் ஆர்.எஸ்.எஸ். ஓடைக்கும் சேர்த்து இரங்கல் எழுதிவிட்டார்கள். அவசரக்காரர்கள்! பாட்காஸ்ட் கேட்பவரின் கைப்பேசியில் புது அத்தியாயம் வந்து விழுவது இன்றும் பெரும்பாலும் இதே கோப்பின் தயவில்தான்.